சர்வீசுக்குப் போன வாட்ச்

"அந்தம்மா வந்ததும் நீ வாயைத் திறக்காதே. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் வக்கீல்.

பல் டாக்டர் தலையாட்டினார். வர்றவங்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லியே பழக்கப்பட்டவர். தன் வாயை மூடிக்கொள்வது கொஞ்சம் சிரமம்தான்.

இருவரும் பேங்க் வாசலுக்கு உள்பக்கம் போட்டிருந்த சோபாவில் காத்திருந்தார்கள். இங்கே சந்திக்கலாம் என்று சொன்னதே வாட்ச்சை விற்க வரும் பெண்மணிதான்.

"திருட்டு வாட்ச்சை விக்க பேங்குக்கே வர்றாங்கன்னா எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு! அது உன் வாட்ச்தானே? நிச்சயமா தெரியுமா?"

"விளம்பரப் படத்துலயே தெரியுதே. கண்ணாடி ஓரத்துல சில்லு பேந்திருக்கு. கிளினிக் குழாயில நான் இடிச்சதுதான்."

மாமனார் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த வாட்ச். அதன் விலையில் ஒரு பைக் வாங்கலாம். நீச்சல் குளத்தில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், உடை மாற்றும் அறையில் அவர் பூட்டிவிட்டுப் போன அலமாரி திறந்து கிடந்தது, வாட்ச்சைக் காணோம்.

போலீசுக்குப் போனால் விசாரிக்க வீட்டுக்கு வருவார்கள். மனைவிக்குத் தெரியும். மனைவிக்குத் தெரிந்தால் மாமனாருக்கும் தெரியும். அதனால் டாக்டர் புகாரே கொடுக்கவில்லை. வாட்ச் சர்வீசுக்குப் போயிருக்கு என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, எந்நேரமும் போனும் கையுமாகப் பழைய வாட்ச் விளம்பரங்களைத் தேடிக்கொண்டிருந்தார். நாளைக்கு மாமனார் வருகிறார்.

"வீட்ல சந்தேகமே வரலையா?"

"சேச்சே! காலையில கூட, 'கவலைப்படாதீங்க, வாட்ச் இன்னிக்கு வந்துடும்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. பாவம், ஒண்ணும் தெரியாது அவளுக்கு."

அந்தப் பெண்மணி வந்தார். டிரைவிங் ஸ்கூல் பெயர் போட்ட சட்டை, விரலில் சுழலும் சாவிக்கொத்து. எதிரே உட்கார்ந்து பைக்குள்ளிருந்து வாட்ச்சை எடுத்தார். அதேதான்!

"கொஞ்சம் குடுங்கம்மா, பாக்கலாம்" என்று வக்கீல் கை நீட்டினார்.

"கண்ணால பாருங்க, போதும்."

"பில்லு, பெட்டி, கேரண்டி கார்டு?"

"ஒண்ணும் கிடையாது."

வக்கீல் டாக்டரின் காலை மிதித்தார். "விலை?"

"விளம்பரத்துல போட்டதுதான். ஒரு பைசா குறைக்க மாட்டேன்."

"கடையில புதுசே இதைவிடக் கம்மியா கிடைக்குமேம்மா!"

"அப்ப புதுசே வாங்கிக்குங்க."

வக்கீல் டாக்டரின் காதைக் கடித்தார். "பாத்தியா? திருட்டு முழி. முழியைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவேன் நான்."

டாக்டரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "இது உங்களுக்கு எப்படி வந்துச்சு? யார்கிட்ட வாங்கினீங்க?"

பெண்மணி முதல்முறையாகச் சிரித்தார்.

"வாங்க வந்தவங்க எல்லாம் எவ்வளவு குறைப்பீங்கன்னுதான் கேட்டாங்க, சார். யார்கிட்ட வாங்கினீங்கன்னு வாட்ச்சுக்குச் சொந்தக்காரங்களுக்குத்தான் கேக்கத் தோணும். வாட்ச்சுக்குப் பின்னால என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க?"

"'மாப்பிள்ளைக்கு அன்புடன் மாமா'."

பெண்மணி வாட்ச்சை டாக்டர் கையிலேயே வைத்துவிட்டார்.

"என் தம்பிக்குக் குடுக்கலாம்னு ஒருத்தன்கிட்ட வாங்கினேன். வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பாத்தாத்தான் இந்த எழுத்து தெரிஞ்சது. மாமனார் எழுதிக் குடுத்ததை எந்த மாப்பிள்ளை விக்கத் துணிவான்? அவனுக்கு போன் போட்டா நம்பரே உபயோகத்துல இல்லை. நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அப்படி ஒரு வாட்ச் காணாமப் போனதா புகாரே வரலைன்னுட்டாங்க."

வக்கீல் டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் கூரையில் எதையோ தேடினார்.

"அப்புறம்தான் விளம்பரம் போட்டேன். யாரும் வாங்கிடக் கூடாதேன்னு விலையை ஏத்தி வெச்சேன். வாங்க நினைக்கறவங்க நாலு நாள் தேடிட்டு விட்டுடுவாங்க. தொலைச்சவங்கதான் தினமும் தேடுவாங்க."

இப்போது முழித்தது வக்கீல்.

"உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டோமேம்மா! நீங்க குடுத்த பணத்தை இப்பவே எடுத்துத் தர்றேன்" என்று டாக்டர் எழுந்தார்.

"வேணாம் சார். முந்தாநாளே வந்துடுச்சு."

"வந்துடுச்சா? யார் குடுத்தாங்க?"

பெண்மணி சாவிக்கொத்தைச் சுழற்றுவதை நிறுத்தினார். "உங்க வீட்டம்மா. உங்க போன்ல இந்த விளம்பரத்தைப் பாத்துட்டு வந்தாங்க. அவங்களும் எடுத்த எடுப்புலயே யார்கிட்ட வாங்கினீங்கன்னுதான் கேட்டாங்க. பணத்தைக் குடுத்தாங்களே தவிர, வாட்ச்சை வாங்கிக்கலை. 'அவர் தேடிக்கிட்டே இருக்கார், எப்படியும் வருவார். அவரே கண்டுபிடிச்சதா இருக்கட்டும்'னாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னும் சொன்னாங்க. ஆனா ஒரே வாட்ச்சுக்கு ரெண்டு தடவை பணம் வாங்க எனக்கு மனசு வரலை."

பல் டாக்டர் திறந்த வாயை மூடவில்லை. திருடியைப் பிடிக்க வந்து, இரண்டு பெண்களிடம் தானே கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"நாளைக்கு... மாமனார் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார், யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல்.

"சர்வீசுக்குக் குடுத்திருந்தேன்னே சொல்லுங்க, சார். உங்க வீட்டம்மா அவங்க அப்பாகிட்ட அப்படித்தான் சொல்லி வெச்சிருக்காங்களாம்."