எட்டாவது கோட்டை

டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்திருந்த ஜெஸ்டன், "வந்துருச்சுக்கா!" என்று கத்தினான்.

திரையில் நீல வானம். கட்டம் கட்டமாய் மேகம். இடது ஓரத்தில் ஈட்டி பிடித்த குட்டி மனிதன் ஒருவன் ஓடத் தயாராக நின்றிருந்தான்.

துணி மடித்துக்கொண்டிருந்த இவாஞ்சலினின் கை நின்றுபோயிற்று.

பதினோரு வருஷமாகப் பரண்மேல் பழைய துண்டில் சுற்றிக் கிடந்த வீடியோ கேம் அது. ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து ஜெஸ்டனுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் பையன்கள் எல்லாம் சின்ன வயதில் ஆடிய கேம்களைப் பற்றியேதான் பேசுகிறார்களாம். தோஸ்த் ரஃபி அகமதிடம் கேட்டு ஒரு அடாப்டர் வாங்கி வைத்திருந்தான். பாகாயம் நர்ஸ் ஆஸ்டலிலிருந்து அக்கா வருகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, சர்ச் விட்டு வந்ததும் பெட்டியை இறக்கிவிட்டான்.

அம்மா ஞானசுந்தரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வாக்கர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

"எட்டாவது கோட்டைய நாம தாண்டினதே இல்லல்ல? இன்னிக்கு ஒரு கை பாத்துடலாம் வாக்கா."

இவாஞ்சலின் தாண்டியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது அவள் பத்தாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை மத்தியானம். தோல் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அப்பா வேலூருக்குப் போயிருந்தார். ஏழு வயது ஜெஸ்டன் எதிர்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தான். அவள் எட்டாவது கோட்டைக்குள் நுழைந்திருந்தாள். கையில் கடைசி உயிர். செத்தால் மறுபடி முதலிலிருந்து.

குளியலறையில் பக்கெட் உருண்டது.

"இவா..."

குட்டி மனிதன் பாலத்தின் நடுவில் இருந்தான்.

"இவா, இங்க வாம்மா."

'வர்றேம்மா' என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அது அவள் உதட்டைக்கூடத் தாண்டவில்லை.

பாலம் முடிந்தது. கதவு திறந்தது. திரையில் வாழ்த்துச் சொல்லி, தப்பும் தவறுமான இங்கிலீஷில் நாலு வரி ஓடியது. அதை இரண்டு தடவை படித்தாள். அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.

அம்மா விழுந்த இடத்தில் இல்லை. குளியலறை வாசற்படி வரைக்கும் உடம்பை இழுத்துக்கொண்டே வந்து, சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்து, மறுபடியும் விழுந்திருந்தாள். முதல் தடவை விழுந்ததில் இடுப்பெலும்பில் விரிசல்தான் விட்டிருக்கும், இரண்டாவதில்தான் முறிந்திருக்கிறது என்றார் டாக்டர். யாராவது வருகிறவரை அசையாமல் படுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்.

அம்மாவுக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. டீச்சர் வேலையும் அதோடு போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அப்பா கேட்டார். "அடுத்த ரூம்லதான இருந்த? உங்கம்மா கூப்ட்டது உனக்குக் கேக்கலையா?"

அவள் வாயைத் திறப்பதற்குள், ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மா முந்திக்கொண்டாள். "அந்தப் பொட்டி போடுற எரைச்சல்ல புள்ளைக்கு எப்டிங்க கேக்கும்? அவளத் திட்டாதீங்க."

விழப்போகிறவள் கொம்பைப் பிடிப்பதுபோல அந்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். "ஆமாப்பா, ஒண்ணுமே கேக்கல."

அப்பா நம்பினார். நாலு வருஷத்துக்கு முன்பு கண்ணை மூடும்வரை நம்பினார். அன்று சாயந்திரமே கேமைத் துண்டில் சுற்றிப் பரண்மேல் போட்டவரும் அவர்தான். அதற்குப் பிறகு அவள் ராத்திரி பகல் பார்க்காமல் அம்மாவைத் தூக்கினாள், குளிப்பாட்டினாள், ப்ளஸ் டூ முடித்ததும் நர்சிங் சேர்ந்தாள். அம்மாவுக்காகவே நர்ஸ் ஆன பொண்ணு என்று சர்ச்சில் விஜயகுமாரி ஆன்ட்டி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். இவாஞ்சலின் தலையைக் குனிந்துகொள்வாள். எவ்வளவு அடக்கம் பாருங்க என்பார்கள்.

ஜெஸ்டன் பொத்தானை அழுத்தினான்.

தடதடவென்று ஒரு மெட்டு வீடு முழுக்கக் கிளம்பியது. அவனே திடுக்கிட்டுப்போனான்.

"அட, இதுல மியூசிக் வேற இருக்குதா! அப்பா நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்குறாருன்னு சவுண்ட சுத்தமா கொறச்சுட்டுத்தான ஆடுவோம்? எனக்குத் தெரியவே தெரியாதுக்கா."

அந்தச் சனிக்கிழமை தூங்குவதற்கு அப்பா வீட்டில் இல்லை. தாராளமாகச் சத்தம் வைத்திருக்கலாம். ஆனால் பழக்கதோஷம், அவள் டிவியின் சவுண்ட் திருகைத் தொடவே இல்லை. வீடு அன்று அவ்வளவு அமைதியாக இருந்தது. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஜெஸ்டன் ரிமோட்டை எடுத்தான். "சத்தம் ஜாஸ்தியா இருக்குதாம்மா? கம்மி பண்ணட்டா?"

ஞானசுந்தரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மகள் பக்கம் திரும்பவும் இல்லை.

"இருக்கட்டும்டா. நானும் இன்னிக்குத்தான் மொத தடவையா கேக்குறேன்."