தொட்டிக்குள் அலை

"டார்ச்சைத் தொட்டிப் பக்கம் காட்டு. என் மூஞ்சியில என்ன தெரியுது?"

"நரை தெரியுது," என்றாள் அவள்.

உப்புநீர் மீன் தொட்டியின் விளிம்பில், காரிலிருந்து கழற்றிய பழைய வைப்பர் மோட்டாரை அவன் பொருத்திக்கொண்டிருந்தான். தண்ணீர் அசையாமல் கிடந்ததில் உள்ளே பவளம் சுருங்கிப்போயிருந்தது.

"இதுக்குப் பதிலா கடையில புதுசு வாங்கியிருக்கலாம்."

"கடையில வாங்கின அலை மோட்டார்தானே நேத்து உயிரை விட்டுச்சு?"

"மீனுன்னா மட்டும் எவ்வளவு அக்கறை உங்களுக்கு."

"அது எதிர்த்துப் பேசாதுல்ல."

சுவிட்சைப் போட்டான். மோட்டாரில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் தகடு முன்னும் பின்னும் ஆட, தொட்டிக்குள் அலை புரண்டது. பவளம் மெல்ல விரியத் தொடங்கியது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவன் கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்து ஷூவை மாட்டினான். 'சாப்பிட்டுட்டுப் போங்க' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. விவாகரத்துக்குப் பிறகு அவன் இந்த வீட்டுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை.

"இனிமே நிக்காதுல்ல?" என்று கேட்டாள்.

"நிக்காது. ஸ்க்ரூவை எல்லாம் நல்லா முடுக்கியிருக்கேன்."

"சரி," என்றாள். குரல் இறங்கிவிட்டது.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஷூவைக் கழற்றினான்.

"கொஞ்சம் இரு. ஒரு ஸ்க்ரூவை மட்டும் லூசாக்கிட்டு வரேன்."