மூன்று மணிக்குள் ப்ரென்னிக்

“ப்ரென்னிக்க எடுத்துக்கவா, வள்ளி? நீ சொல்லு” என்று ராமு கேட்டபோது, ஸ்ரீநிவாஸின் தட்டுக்கு மேலே வத்தக்குழம்புக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

ஒரு விநாடிதான். பிறகு வள்ளி ஊற்றிவிட்டாள். ஆனால் அவள் கணவன் ராமு பார்த்துவிட்டான்.

அமெரிக்காவில், டப்ளினில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ராமுவையும் சேர்த்து ஆறு நண்பர்கள், ஆறு போன்கள். வருடா வருடம் மார்ச்சில் ஆட்டக்காரர்களைப் போனிலேயே ஏலம் எடுத்து ஆளுக்கொரு பேஸ்பால் அணி சேர்த்துக்கொள்வார்கள். நிஜமான ஆட்டக்காரன் நிஜமான மைதானத்தில் அடித்தால் இவர்களுக்கு இங்கே புள்ளி ஏறும். ஆபீஸ் வேலையில் காட்டாத அக்கறையையெல்லாம் இதில் காட்டுவார்கள்.

ஆட்களை ஒருவருக்கொருவர் மாற்றி டிரேட் பண்ணிக்கொள்ள இன்று மூன்று மணிவரைதான் நேரம். இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

ஸ்ரீநிவாஸ் ப்ரென்னிக்கைத் தருகிறேன் என்கிறான். பந்தை மைதானத்துக்கு வெளியே தூக்கியடிக்கும் ஹோம்ரன்னை இந்த வருடம் நாட்டிலேயே அதிகமாக அடித்தவன் ப்ரென்னிக். பதிலுக்கு ராமுவின் பந்துவீச்சாளன் ஒருவனைக் கேட்கிறான். யாருக்கும் பேர் தெரியாத காலத்திலேயே ராமு கண்டுபிடித்து, பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆள்.

ராமு காலையிலேயே சரி என்று முடிவு பண்ணிவிட்டான். மனைவியிடம் கேட்டது சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.



விளையாட்டு வீரர்களின் சிறுநீரில் ஊக்கமருந்து இருக்கிறதா என்று பார்க்கும் லேபில் வள்ளிக்கு வேலை. குப்பிகளில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. தெரியவும் கூடாது. தப்பித் தவறித் தெரிந்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். குடும்பம் மொத்தத்துக்கும் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருப்பது அந்த லேப்தான்.

வியாழக்கிழமை ஒரு குப்பியில் ஸ்டீராய்டு இருந்தது. அது ப்ரென்னிக்குடையது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. எப்படித் தெரிந்தது என்பதை யாரிடமும் சொல்ல முடியாது. ராமுவிடம் சொல்லவே முடியாது.

மூன்று வாரத்தில் செய்தி வந்துவிடும். ப்ரென்னிக்குக்குத் தடை விழும். ராமு இப்போது பின்வாங்கினால், அன்றைக்கு இந்த ஐந்து பேருக்கும் இந்த மேசை ஞாபகம் வரும். அதில் ஒருவன் வேடிக்கையாக வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும், அவள் கதை முடிந்தது.

“என்னடா, மேடம் பெர்மிஷன் குடுத்தாதானா? அவங்களுக்கு லேப்ல இன்சைட் நியூஸ் எல்லாம் வரும்போல” என்றான் ஸ்ரீநிவாஸ்.

எல்லாரும் சிரித்தார்கள்.

“எனக்கென்ன தெரியும்? இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?” என்றாள் வள்ளி.

ராமு மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டீராய்டு பற்றி அவனிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு யாரும் லேசில் தப்பித்ததில்லை. ஊசி போட்டுக்கொண்டு அடித்த ஹோம்ரன்னும் பிட் அடித்து வாங்கிய மார்க்கும் ஒன்றுதான் என்பான். அவர்கள் பெயரையெல்லாம் ரெக்கார்டிலிருந்தே அடிக்க வேண்டும் என்பான். அப்படிப்பட்டவன், தன் கரண்டி நின்றதை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொண்டானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவனுடைய அணி தோற்றுத் தொலையட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

நாலு நிமிடம்.

ராமு தண்ணீர் குடித்தான். போனை எடுத்தான். திரும்ப வைத்தான். ஸ்ரீநிவாஸின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“யோசனையா இருந்தா விட்டுடு மச்சி. நான் வேற யார்கிட்டயாவது குடுத்துக்கறேன்.”

இரண்டு நிமிடம்.

“அதெல்லாம் ஒண்ணும் யோசனை இல்ல” என்று சொல்லி, ராமு கட்டைவிரலால் திரையை அழுத்தினான்.

ஆறு போனும் ஒன்றாகச் சிணுங்கின. ஸ்ரீநிவாஸ் சந்தோஷத்தில் மேசையைத் தட்டினான். ராமுவின் ஆளை அவன் இவ்வளவு சுலபமாக வாங்கிவிடுவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

வள்ளி சமையலறைக்குள் போய் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்தாள்.

ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பிப் போனார்கள். ராமு பாத்திரம் தேய்க்க வந்து நின்றான்.

மற்ற நாளில் இந்த நேரத்தில்தான் அவன் வாய் ஓயாது. யாருக்கு முழங்கை வலி, கோச்சோடு யாருக்கு ஆகவில்லை, எந்த அணி யாரைத் தள்ளிவிடப் பார்க்கிறது என்று பன்னிரண்டு வருடமாக அவளிடம் ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறான். ப்ரென்னிக் சின்ன வயதிலிருந்து தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறான் என்று சொன்னதும் அவன்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் ப்ரென்னிக் பல் பிடுங்கிக்கொண்டு ஆண்டிபயாடிக்கோடு ஆட வந்துவிட்டான் என்று, இதே இடத்தில் நின்று பெருமையாகச் சொன்னதும் அவன்தான்.

அந்தக் குப்பியோடு வந்த தாளில் பெயர் இல்லை. சாப்பிடும் மருந்துகள் என்ற இடத்தில் அந்த இரண்டும் இருந்தன.

இன்று ராமு பாத்திரத்தில் மட்டுமே கண்ணாக இருந்தான். குக்கரைத் தேய்த்துக் கவிழ்த்தான். குழம்புச் சட்டியை எடுத்தான்.

“வள்ளி, இனிமே நான் உங்கிட்ட பேஸ்பால் பத்திப் பேச மாட்டேன்” என்றான், சட்டியைப் பார்த்தபடியே.

ஏன் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை; எல்லாம் தெரிந்தேதான் அவன் அந்தத் திரையை அழுத்தினான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பாத்திரத்தை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.