எத்தனை இட்லி வேகும்?

கணினியின் தலையில் இட்லிப் பானை வைக்கும் காலம். திரையில் படம் துல்லியமாகத் தெரியத் தெரிய, உள்ளே கிராபிக்ஸ் கார்டு கொதிக்கும். அதனால் கார்டு வாங்கப் போனதும் கடைக்காரர் முதலில் கேட்டதே, “வீட்ல எத்தன பேரு சார்?” என்றுதான்.

“கேம் ஆட எனக்கு 4கே படம் காட்டுற கார்டு போதும்” என்றார் மதியழகன்.

“அதுல டீகூட கொதிக்காது. 16கே எடுங்க” என்றாள் மனைவி பூங்கொடி.

ஞாயிறு காலை சம்பந்தி வீட்டார் சாப்பிட உட்கார்ந்தார்கள். மதியழகன் கேம் ஆட ஆட வெந்த முதல் ஈடு இட்லி பறந்துபோனது. அந்நேரம் திரையில் டிராகன் மதியழகனை விழுங்கியது.

“செத்துட்டேன். நானும் சாப்பிட வர்றேன்” என்று எழுந்தார்.

கேமை நிறுத்தச் சொல்லியே இருபது வருடம் திட்டிய பூங்கொடி, கரண்டியோடு ஓடிவந்தாள்.

“உக்காருங்க! மறுபடி பொறந்து சண்ட போடுங்க. ரெண்டாவது ஈடு இன்னும் வேகல.”