தோண்டி மூடிய மண்

ரோடு போடுவதற்கு முன் மண்ணுக்கடியில் பழைய கல்லறை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சான்று தருவதும், அந்த வித்தையை எர்மொசியோ நகரப் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தருவதும் பேராசிரியர் எவரிஸ்தோவின் வேலை. இந்த வருஷ வகுப்பில் சந்தையில் தொர்த்தியா ரொட்டி விற்கும் அறுபது வயது காசில்தாவும் சேர்ந்திருந்தாள்.

அவளுடைய விடைத்தாளை மேஜைமேல் போட்டார்.

“பத்துக் கேள்வியில ஒண்ணுக்குத்தான் எழுதியிருக்கீங்க. பானை வகை, காலக்கணக்கு எதையும் தொடல. பொழுது போகலைன்னா வேற இடம் பாருங்கம்மா. இந்த சீட்டுக்கு வெளிய முப்பது பேர் நிக்கிறாங்க.”

“எனக்குத் தெரிய வேண்டியது அது ஒண்ணுதான் சார்.”

தோண்டி மூடிய மண்ணை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் அந்தக் கேள்வி. நிறம் மாறும், கால் புதையும், புல் வேறு மாதிரி முளைக்கும் என்று எழுதியிருந்தாள். எல்லாம் சரி. கடைசி வரியை மட்டும் அவர் சிவப்பு மையில் சுழித்திருந்தார்.

“கம்பிய இறக்கி, நுனிய மோந்து பாக்கணும்னு எழுதியிருக்கீங்களே, அத நான் எப்ப சொல்லிக் கொடுத்தேன்? ஆயிரம் வருஷத்துப் பொணத்துல என்ன வாசனை இருக்கும்?”

“அதுல இருக்காது சார்,” என்றாள் காசில்தா. “என் பையனத் துப்பாக்கிக் கும்பல் தூக்கிட்டுப் போயி ஆறு வருஷந்தான் ஆகுது.”