பள்ளத்துக்கு ஒரு விளக்கு

ஜீப்புகளுக்குக் கூடுதல் விளக்கு மாட்டுவதில் குருபரப்பள்ளியிலேயே கைராசிக்காரன் விஜயகுமார். அனிதா அவனிடம்தான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அண்ணா, இடது பக்கம் மட்டும் ஒரு லைட்டு போடுங்க. காட்டு ரோட்டோரப் பள்ளத்துல வெளிச்சம் விழணும்."

"காட்டு ரோட்டுல யானை முன்னாடிதாம்மா வரும். பள்ளத்துல என்னா இருக்குது?"

"எங்க தம்பி இருப்பான்ணா. ஷிப்டு முடிஞ்சு ராத்திரி பைக்குல கெளம்புனவன் மூணு மாசமா வீடு வந்து சேரல. எவளையோ கூட்டிக்கிட்டு பெங்களூரு ஓடிட்டான்னு ஊரே சிரிக்குது. அவன் ஓரம் விட்டு நடுவுல ஓட்டவே மாட்டான். அதான் இடது பக்கமாவே தேடறேன்."

விஜயகுமார் விளக்கை மாட்டி, ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தான். பிறகு இன்னொரு விளக்கை எடுத்து வலது பக்கம் வைத்தான்.

"அங்க எதுக்குண்ணா? நான் கேக்கலியே!"

"மாட்டுன லைட்ட இருட்டுல ஓட்டிப் பாத்துட்டுத்தாம்மா வண்டியக் குடுப்பேன்." ஸ்பேனரால் வலது விளக்கை முறுக்கினான். "மூணு மாசம் முன்னாடியும் காட்டு ரோட்டுல அப்படித்தான் போனேன். எதிர்ல பைக்குல வந்த பையனுக்குக் கண்ணு கூசிப்போச்சு. ரோட்டைத் தாண்டி அவனுக்கு வலது பக்கப் பள்ளத்துல விழுந்தான். நான் வண்டிய நிறுத்தல."