நாலு மணி நேரம்

"பதினோரு நிமிஷம் லேட். என்ன காரணம்?" என்று மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எதிரே நின்றது கிளார்க் அல்ல, அவருடைய மனைவி. கையில் காபி.

மனுஷன் ரிட்டயர் ஆகி ஏழு மாதம் ஆகிறது. ஆனால் நாற்காலி அவரை விட்டால்தானே! கம்பெனியில் நாற்பது பேரை மேய்த்தவர், இப்போது வீட்டில் மூன்று பேரை மேய்க்கிறார். மிளகாய்த்தூள் டப்பாவுக்கு நம்பர், குளியலறைக்கு டைம்டேபிள், மருமகள் போனில் பேச ஐந்து நிமிஷம். கேட்டால், எல்லாம் குடும்பத்தின் மேல் உள்ள பாசமாம். நல்ல பாசம், போங்கள்!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, மூன்று மாதத்துக்கு முன்னால் நேரே தெருமுனை லைப்ரரிக்குப் போனாள். அங்கே இருக்கும் லைப்ரேரியன் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"சம்பளமே வேண்டாம்டி. தினம் நாலு மணி நேரம் அவரை இங்க உட்கார வச்சுக்கோ. இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்" என்றாள் அழாத குறையாக.

லைப்ரரியில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஆயிரத்து இருநூறு பழைய புத்தக அட்டைகள் மட்டும் ஒரு பெட்டியில் குப்பைக்குப் போகக் காத்திருந்தன. "இதை நம்பர்படி அடுக்க ஆளே இல்ல சார். நீங்கதான் மனசு வைக்கணும்" என்றாள் லைப்ரேரியன். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்குச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்துவிடுவார். இரண்டு மணிக்குள் கடைசி அட்டைவரை அடுக்கிவிட்டு, "இந்த சேவை மனப்பான்மை இப்ப யாருக்கு இருக்கு?" என்று தன்னையே மெச்சிக்கொண்டு கிளம்புவார். அவர் தலை மறைந்ததும் லைப்ரேரியன் அத்தனையையும் கலைத்துப் போடுவாள். மறுநாள், "இது புதுப் பெட்டி சார்!"

கம்பெனியில் ஆயிரம் ஃபைலில் ஒரு ஃபைல் இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்து மெமோ கொடுப்பாராம். அறுநூற்றுப் பதினாலாம் அட்டையில் வட்டமாக ஒரு டீக்கறை. மூன்று மாதமாகத் தினமும் அது அவர் கை வழியாகத்தான் போகிறது. ஐயாவுக்குத் தெரிந்தால்தானே! பெரிய மேனேஜர்!

அந்த நாலு மணி நேரத்தில்தான் மனைவி காலை நீட்டிப் படுப்பாள், பாட்டுக் கேட்பாள். மருமகளோடு சேர்ந்து அவரைக் கிண்டலடித்து வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

நேற்று லைப்ரேரியனுக்குக் காய்ச்சல். அவர் கிளம்பிய கையோடு அவளும் வீட்டுக்குப் போய்விட்டாள். அட்டைகளைக் கலைக்க மறந்தே போனாள்.

இன்று மேனேஜர் பெட்டியைத் திறந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்று முதல் ஆயிரத்து இருநூறு வரை, நேற்று அவர் வைத்த வரிசையிலேயே அட்டைகள் நின்றன. போச்சு! இனி இந்த மனுஷன் நாள் முழுக்க வீட்டில்தான், தோழியின் கதி அதோகதிதான் என்று அவசர அவசரமாக வாயைத் திறந்தாள்.

"சார்... அது வந்து... பெட்டி மாறிப் போய்..."

மேனேஜர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பெட்டியை மேஜைமேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் அட்டைகளை நன்றாகக் கலைத்தார். டீக்கறை அட்டையை மட்டும் தேடி எடுத்து, அடியில் செருகினார்.



"வீட்ல இருந்தா என் வாய் சும்மா இருக்காதும்மா" என்றார் மேனேஜர், முதல் அட்டையைத் தேடிக்கொண்டே. "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. நாலு மணி நேரமாவது அவ சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்."